துடைப்பமும் வாளியும் மேடை ஏறினா... வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல ஒரு கேள்விக்குப் பதில் சொல்றப்ப ஸ்டாம்ப்னு (Stomp, தபால் ஸ்டாம்ப் இல்ல) ஒரு பிரிட்டிஷ் ஷோ பேரைச் சொல்லியிருந்தேன், துடைப்பம், வாளி, குப்பைத்தொட்டி மூடின்னு கைக்குக் கிடைச்சதையெல்லாம் வச்சுத் தாளம் போட்டுக்கிட்டே ஆடுவாங்கன்னு. அந்த ரெண்டு வரியைப் பிடிச்சுக்கிட்டு வந்த கேள்விங்களே ஒரு பை நிறைய இருக்கு. அதனால இந்தத் தடவை முழுக்க அதுதான்.

ஸ்டாம்ப் வீடியோ துண்டு துண்டா பார்த்திருக்கேன். யாரு ஆரம்பிச்சது, முழு ஷோவுல என்னதான் நடக்கும்? எங்க காலேஜ் கல்ச்சுரல்ஸ்ல இது மாதிரி பண்ணணும்னு ஆசை, அதனால கேக்கறேன்.
– கல்லூரி மாணவி, திருச்சி

ரெண்டு பேர் ஆரம்பிச்சது. லூக் கிரெஸ்வெல், ஸ்டீவ் மெக்நிக்கோலஸ். இங்கிலாந்துல கடலோரமா இருக்கற பிரைட்டன் ஊர்ல, 1981லயே ரெண்டு பேரும் ஒரு தெரு பேண்டுல சேர்ந்து வாசிச்சவங்க. கிரெஸ்வெல் தானா கத்துக்கிட்ட டிரம்மர், மெக்நிக்கோலஸ் நடிப்பு பாட்டு எழுத்துன்னு எல்லாத்துலயும் கை வச்சவர். தெருவுல வாசிக்கறவனுக்கு பெரிய டிரம் செட்டைத் தூக்கிட்டு அலைய முடியாது, நிக்கற கூட்டமும் எப்ப வேணா நடையைக் கட்டிடும், அதனால பார்க்கறவங்க கண்ணையும் காதையும் ஒரே நேரத்துல பிடிச்சு வைக்கணும்ங்கற பழக்கம் அங்கதான் வந்திருக்கணும்னு நான் நினைக்கறேன். அந்த பேண்டோட மேடை நிகழ்ச்சிக்காக குப்பைத்தொட்டிகளை வச்சு கிரெஸ்வெல் ஒரு ஆட்டம் பண்ணினார், அது அப்புறம் ஒரு பீர் விளம்பரமாவும் வந்துச்சு, அதுல இருந்துதான் ஷோவோட கடைசியில வர்ற குப்பைத்தொட்டி மூடி ஆட்டம் பிறந்துச்சு.

1991ல ஸ்காட்லாந்துல நடக்கற எடின்பரோ கலை விழாவுல முழு ஷோவா போட்டாங்க. அதுக்கப்புறம் மூணு வருஷம் ஊர் ஊரா சுத்தி, 1994 ஜனவரில லண்டன் சாட்லர்ஸ் வெல்ஸ் அரங்கத்துல போட்டப்ப டிக்கெட் மொத்தமும் காலி, லண்டன் நாடக உலகத்தோட பெரிய விருதான ஒலிவியே விருதுகள்ல அந்த வருஷம் நடன அமைப்புக்கான விருதும் இவங்களுக்கே. கவனிங்க, இசைக்கு இல்ல, நடனத்துக்கு. அதே வருஷம் பிப்ரவரில நியூயார்க் ஈஸ்ட் வில்லேஜ்ல ஆர்ஃபியம்னு ஒரு சின்ன தியேட்டர்ல உட்கார்ந்தவங்க, 29 வருஷம் அங்கயே இருந்தாங்க.

மேடையில ஒரு நேரத்துல எட்டு பேர். வசனம் கிடையாது, கதையும் கிடையாது, பாட்டும் கிடையாது. முதல்ல ஒரு ஆள் மட்டும் துடைப்பத்தோட வந்து பெருக்க ஆரம்பிப்பார், சும்மா பெருக்கற மாதிரியே இருக்கும், சர்ர் சர்ர்னு, அப்புறம் அந்த சர்ர்ல ஒரு கணக்கு தெரியும், அப்புறம் கட்டையால தரையில ஒரு தட்டு, இன்னொரு ஆள் வருவார், இன்னொருத்தர், கொஞ்ச நேரத்துல எட்டு துடைப்பமும் சேர்ந்து மேடையே இடியா இடிக்கும். அதுக்கப்புறம் தீப்பெட்டி. கையில தீப்பெட்டியைக் குலுக்கறது, தட்டறது, இழுத்து மூடறது, அவ்ளோதான், ஆனா அரங்கம் மூச்சு விடாம கேக்கும். பேப்பர் படிக்கற மாதிரி உட்கார்ந்து பக்கம் புரட்டறதுலயும் இருமறதுலயும் தாளம் வரும். பாத்திரம் கழுவற சிங்க்கை சங்கிலியில கழுத்துல மாட்டிக்கிட்டு, உள்ள தண்ணியோட, கையில ரப்பர் கிளவுஸ் போட்டு வாசிப்பாங்க. காலுக்குக் கீழ பெரிய எண்ணெய் டிரம்மைக் கட்டிக்கிட்டு மரக்கால் மாதிரி நடந்து வருவாங்க. பின்னாடி சுவர் முழுக்க சட்டி பானை, கார் வீல் கப்பு, ரோட்டு போர்டுன்னு தொங்கும், இடுப்புல கயிறு கட்டி அந்தரத்துல ஊஞ்சலா ஆடிக்கிட்டே அதைத் தட்டுவாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது லைட்டர் ஆட்டம். மொத்தமா இருட்டு. லைட்டர் மூடியைத் திறக்கற 'டிக்', சுடர், மூடற 'டக்'. வரிசையா நிக்கறவங்க கையில சுடர் ஒண்ணொண்ணா வந்து வந்து போகும், வெளிச்சம் வர்ற இடமே தாளத்தோட இடமா இருக்கும். காது கேக்காத ஒருத்தர் அங்க உட்கார்ந்திருந்தாலும் அந்தத் தாளம் அவருக்குப் புரியும்ங்கறதை நினைச்சுப் பாருங்க.

நாற்பது வருஷம் கர்நாடக சங்கீதம் கேட்டவன். இதை இசைன்னு சொல்றீங்களா, நடனம்னு சொல்றீங்களா? எனக்குத் தட்டுமுட்டுச் சாமான் சத்தமாத்தான் கேக்குது.
– ஓய்வு பெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, நீங்க கேட்டதுதான் இதுல முக்கியமான கேள்வி. என் பதில், இதுல ரெண்டையும் பிரிக்க முடியாது, பிரிஞ்சா அந்த ஷோ செத்துடும்.

மிருதங்கத்துல விரல் எப்படிப் போகுதுன்னு பார்க்காமயே நீங்க தனி ஆவர்த்தனத்தை ரேடியோவுல ரசிக்கலாம், ரசிச்சிருப்பீங்க. ஸ்டாம்ப்பை ஆடியோவா மட்டும் கேட்டா பாதிதான் கிடைக்கும். அதே மாதிரி சத்தத்தை நிறுத்திட்டுப் பார்த்தாலும் பாதிதான். துடைப்பம் தரையில உரசற நீளம் எவ்ளோவோ அவ்ளோதான் அந்த ஒலியோட நீளம். கம்பை எவ்ளோ உயரத்துல இருந்து கொண்டு வர்றாங்களோ அந்த உயரம்தான் அடியோட பலம். உடம்பு ஒரு பக்கம் இசை ஒரு பக்கம்னு இல்லாம, ஒரே செயல் கண்ணுக்கு ஆட்டமாவும் காதுக்குத் தாளமாவும் போகுது. பரதநாட்டியத்துல தட்டடவு போடறப்ப கால் தரையில விழற சத்தத்தை நட்டுவனார் தட்டுக்கழி சத்தத்தோட சேர்த்துத்தானே கேக்கறோம், அந்தக் காலை மட்டும் எடுத்து ஒன்றரை மணி நேர நிகழ்ச்சியா விரிச்சா என்னாகும்னு யோசிச்சுப் பாருங்க.

சத்தம்னு சொல்றீங்களே, அது ஓரளவு உண்மைதான், ஸ்ருதி கிடையாது, ராகம் கிடையாது. ஆனா கணக்கு இருக்கு. நாலுக்கு மேல மூணு ஓடறது, எட்டு பேர் எட்டு இடத்துல அடிச்சு அதெல்லாம் கோத்து ஒரே வரியா வர்றது, எல்லாரும் ஒரே சமயத்துல நிறுத்தறப்ப வர்ற அந்த மௌனம், இதையெல்லாம் உங்களை மாதிரி லயம் தெரிஞ்சவங்கதான் மத்தவங்களை விட நல்லா ரசிப்பீங்க. ஒரு தடவை கையில தாளம் போட்டுக்கிட்டே முழுசா பாருங்க ஐயா, அப்புறமும் பிடிக்கலைன்னா மறுபடி எழுதுங்க, நான் சண்டைக்கு வர மாட்டேன்.

இதுக்கெல்லாம் என்ன பெரிய பயிற்சி வேணும்? வாளியை யார் வேணா தட்டலாமே?
– கோயம்புத்தூர் வாசகர்

தட்டலாம். எட்டு பேர் சேர்ந்து தட்டறதுலதான் இருக்கு கஷ்டம். அந்த ஷோவுல டிரம்மருங்க, டான்சருங்க, நடிகருங்கன்னு எல்லா வகை ஆளுங்களும் வருவாங்க, டிரம்மருக்கு ஆடக் கத்துக்கொடுக்கணும், டான்சருக்கு அடிக்கக் கத்துக்கொடுக்கணும், ரெண்டு பேருக்கும் சிரிக்க வைக்கக் கத்துக்கொடுக்கணும். ஒவ்வொரு ஆளுக்கும் ஒரு குணம் இருக்கு. முன்னால நின்னு எல்லாரையும் இழுத்துட்டுப் போறவர் பேரு சார்ஜ், பட்டாளத்து சார்ஜன்ட் மாதிரி. எப்பவும் சின்ன பொருளே கிடைச்சு ஏமாந்து நிக்கற ஒரு அப்பாவியும் இருப்பார், எல்லாரும் பெரிய பெரிய டப்பாவா வச்சு வாசிக்கறப்ப இவர் கையில மட்டும் ஒரு குட்டி சாமான், கூட்டத்துக்கு அவரைத்தான் ரொம்பப் பிடிக்கும். வசனமே இல்லாம எட்டு பேரோட சுபாவத்தையும் வெறும் அடிக்கற விதத்துலயே காட்டணும். யார் வேணா பண்ணலாம்னு பார்க்கறவங்களுக்குத் தோணுதுன்னா அதுக்குப் பின்னாடி ரொம்ப உழைப்பு இருக்குன்னு அர்த்தம்.

எங்க ஊர் கொத்து பரோட்டா மாஸ்டர் ராத்திரி கல்லுல அடிக்கறது இதுல சேருமா சேராதா?
– மதுரை வாசகர்

கட்டாயம் சேரும். ரெண்டு கையிலயும் தகடு, சூடான கல்லு, நடுவுல பரோட்டா முட்டை, வேலையும் நடக்குது தாளமும் நடக்குது, தெருமுனையிலயே கடை திறந்திருக்குன்னு தெரிஞ்சுடுது. கொரியாவுல இதையே ஷோவா ஆக்கிட்டாங்க. நான்டான்னு பேரு, 1997ல சியோல்ல ஆரம்பிச்சது, சாங் சுங் ஹ்வான்ங்கற நடிகர் உருவாக்கினது. ஒரு மணி நேரத்துல கல்யாண விருந்து தயாராகணும்னு மேனேஜர் வந்து சொல்லிடுவார், சமையல்காரங்க கத்தி, கட்டை, சட்டி, தண்ணி டிரம் எல்லாத்தையும் வச்சு அடிச்சுத் தள்ளுவாங்க, முட்டைக்கோஸ் மேடை முழுக்கப் பறக்கும். அடியில ஓடற தாளம் சமுல்நோரின்னு அவங்க ஊர் நாலு வாத்தியக் கச்சேரியோட தாளம், அது விவசாயிங்க ஊர்வலமா வாசிச்ச வாத்தியங்கள்ல இருந்து வந்தது. அதனாலதான் அது ஸ்டாம்ப்போட காப்பியா நிக்காம தன் காலுல நிக்குது. வெளிநாட்டுல இருந்து ஐடியாவை எடுத்தாலும் தாளத்தைத் தன் ஊர்ல இருந்து எடுத்தாங்க. திருச்சி பொண்ணு இதைக் குறிச்சு வச்சுக்கோங்க.

கையில கிடைச்ச சாமானை வாத்தியமாக்கற பழக்கம் ஸ்டாம்ப்புக்கு முன்னாடியே இருந்திருக்கணுமே? எங்க இருந்து வந்துச்சு?
– திருநெல்வேலி வாசகி

ரொம்ப முன்னாடி இருந்தே இருக்கு, அந்தக் கதையில சந்தோஷம் கம்மி.

அமெரிக்காவுல தெற்கு கரோலினா பக்கம், 1739ல ஸ்டோனோங்கற ஆத்தங்கரையில அடிமைங்க கிளர்ச்சி பண்ணினாங்க. டிரம் அடிச்சுக்கிட்டு, ஆள் சேர்த்துக்கிட்டு நடந்தாங்க. அதை நசுக்கிட்டு அடுத்த வருஷமே, 1740ல, சட்டம் போட்டாங்க, அடிமைங்க டிரம் வச்சுக்கக் கூடாதுன்னு. டிரம்மைப் பிடுங்கினா என்ன ஆகும்? உடம்பே டிரம் ஆச்சு. தொடை, மார்பு, கன்னம், குதிகால்னு தட்டித் தட்டி ஆடற ஜூபா ஆட்டம் தோட்டங்கள்ல பரவுச்சு. அதோட அயர்லாந்து, இங்கிலாந்துல இருந்து குடியேறினவங்களோட மரச்செருப்பு ஆட்டமும் கலந்துதான் இன்னைக்கு நாம பார்க்கற, ஷூவால தரையைத் தட்டித் தாளம் போடற டாப் டான்ஸ். அந்த மரச்செருப்பு ஆட்டத்துலயும் ஒரு தொழிலாளி கதை இருக்கு, வட இங்கிலாந்துல லங்காஷயர் பஞ்சாலையில தறி ஓடற தாளத்துக்குக் காலைத் தட்டினவங்க ஆட்டம் அது.

பிரிட்டிஷ்காரங்க ஆண்ட டிரினிடாட்ங்கற கரீபியன் தீவுல இந்தக் கதை இன்னும் நீளமா போகும். 1881ல கார்னிவல் ஊர்வலத்தை போலீஸ் தடுக்கப்போய்ப் பெரிய கலவரம், அதுக்கப்புறம் 1884ல சட்டம் போட்டு டிரம் அடிக்கறதை ஒடுக்கினாங்க. சரி டிரம்தானே கூடாதுன்னு ஜனங்க மூங்கிலை வெட்டினாங்க, வேற வேற நீளத்துல வெட்டித் தரையில இடிச்சு வாசிச்சாங்க. அதுக்கப்புறம் 1930கள்ல பிஸ்கட் டின், பெயிண்ட் டப்பா, குப்பைத்தொட்டி, கார் பிரேக் டிரம். தகரத்தை அடிச்சு அடிச்சு ஒரு இடம் உள்ள போனப்ப ஸ்ருதி மாறுதுன்னு கண்டுபிடிச்சு, எண்ணெய் கம்பெனிங்க தூக்கிப்போட்ட டிரம்மோட தலையைக் குழியா தட்டி, அதுல ஸ்வரம் ஸ்வரமா மேடு பள்ளம் பண்ணினாங்க. ஸ்டீல் பேன். 1951ல அந்த ஊர் பசங்க ஒரு குழுவா லண்டன் போய் பிரிட்டன் விழாவுல வாசிச்சாங்க. எந்த அரசாங்கம் தாத்தாவோட டிரம்மைத் தடுத்துச்சோ அதே அரசாங்கத்தோட தலைநகரத்துல பேரனுங்க துருப்பிடிச்ச எண்ணெய் டிரம்முல வாசிச்சிருக்காங்க. இன்னைக்கு ஸ்டீல் பேன் அந்த நாட்டோட தேசிய வாத்தியம், பிரேக் டிரம்மும் குழுவுல இன்னும் இருக்கு, கண்டிப்பா வேணும்பாங்க.

தென்னாப்பிரிக்காவுல கம்பூட் ஆட்டம். ஜோஹன்னஸ்பர்க் பக்கத்துத் தங்கச் சுரங்கங்கள்ல தண்ணி தேங்கி நிக்கும், தொழிலாளிக்குக் காலுல புண்ணு வரும், தண்ணியை வடிக்கறதை விட ரப்பர் பூட்ஸ் வாங்கிக் கொடுக்கறது மலிவுன்னு முதலாளிங்க பூட்ஸ் கொடுத்தாங்க. பூமிக்கடியில பேசக்கூடாதுன்னு கட்டுப்பாடு, வந்தவங்களும் வேற வேற மொழிக்காரங்க, அதனால பூட்ஸைத் தட்டி ஒருத்தருக்கொருத்தர் சேதி சொல்லிக்கிட்டாங்கன்னு அந்த ஆட்டக்காரங்க பரம்பரையா சொல்லி வர்றாங்க. குனிஞ்சு, பூட்ஸோட பக்கத்துல அறைஞ்சு, குதிகாலால உதைச்சு, ரெண்டு பூட்ஸையும் மோதவிட்டு ஆடற அந்த ஆட்டத்தை ஒரு தடவை பார்த்தா ஸ்டாம்ப்போட வேர் எங்கெல்லாம் ஓடியிருக்குன்னு உங்களுக்கே தெரியும்.

அதனால யாராவது இதை 'தட்டுமுட்டு'ன்னு சொன்னா எனக்கு மனசு வலிக்குது. (தஞ்சாவூர் ஐயாவைச் சொல்லலை, அவர் கேள்வியா கேட்டார்.) வாத்தியம் வாங்கக் காசில்லாம, வாத்தியம் வச்சுக்க உரிமையும் இல்லாம இருந்தவங்க விட்டுக்கொடுக்காம பிடிச்சுக்கிட்ட தாளம் இது.

வேலையிடத்துல இருந்து மேடைக்கு வந்தது இன்னொண்ணும் இருக்கு, சுருக்கமா சொல்றேன். ஆஸ்திரேலியாவுல நியூகாசில்னு இரும்பாலை ஊரு, அங்க மெஷின் ஃபிட்டரா வேலை பார்த்த டெய்ன் பெர்ரி 1995ல டாப் டாக்ஸ்னு ஒரு ஷோ போட்டார், வேலைக்குப் போற பூட்ஸுலயே இரும்புச் சட்டத்து மேல ஏறி ஆடற டாப் டான்ஸ். 2000 சிட்னி ஒலிம்பிக்ஸ் தொடக்க விழாவுல பெரிய கூட்டமா அந்த ஆட்டத்தை ஆடவச்சதும் அவர்தான்.

நம்ம கிட்ட இது மாதிரி எதுவும் இல்லையா? எல்லாமே வெளிநாட்டுலதானா?
– கும்பகோணம் வாசகர்

இருக்கு, ஆனா இதையெல்லாம் நாமதான் முதல்ல கண்டுபிடிச்சோம்னு சொல்ல நான் வரலை, வேலை செய்யற எல்லா ஊர் ஜனங்களுக்கும் இது தானா வந்திருக்கு.

நெல்லு குத்தறப்ப பாடற வள்ளைப்பாட்டை எடுத்துக்கோங்க. கலித்தொகையில குறிஞ்சிக்கலிப் பகுதியில தலைவியும் தோழியும் யானைக் கொம்பை உலக்கையா வச்சு, பாறைக் குழியை உரலா வச்சு, மூங்கில் நெல்லைப் போட்டுக் குத்திக்கிட்டே மாறி மாறிப் பாடுவாங்க. ஒரே உரலுல ரெண்டு உலக்கை மாறி மாறி விழணும்னா தாளம் தப்பவே கூடாது, தப்பினா உலக்கையும் உலக்கையும் மோதும். ஸ்டாம்ப்புல கம்பு ஆட்டம் பண்றவங்களுக்கு இருக்கற அதே ஆபத்துதான், அதே கணக்குதான். கோலாட்டமும் அப்படித்தான், அடிக்கறதும் ஆடறதும் ஒண்ணு.

கடத்தைச் சொல்லாம இருக்க முடியாது. மானாமதுரைக் கடம் தண்ணிப் பானை இல்ல, வாசிக்கறதுக்குன்னே தனியா மண் பதம் பார்த்து, தட்டித் தட்டி கனமா செஞ்சு சுடறது. ஆனாலும் பிறந்தது பானையாத்தான். விக்கு விநாயக்ராம் அதை 1970கள்ல சக்திங்கற இந்திய-மேற்கத்திய இசைக் குழுவோட உலகம் முழுக்கக் கொண்டு போனார், வாயை வயித்துல அழுத்தி மூடித் திறந்து கும்கிங்கற ஆழமான ஒலியை எடுக்கறப்ப வெளிநாட்டுக்காரங்க அசந்து போனாங்க. ஜலதரங்கத்துல பீங்கான் கிண்ணத்துல தண்ணி. முறம், சல்லடை, சலங்கை கட்டின கம்பு, இதையெல்லாம் ஆட்டத்துக்குள்ள கொண்டு வர ஒரு நல்ல குழு இங்க வந்தா முதல் வரிசையில உட்கார நான் ரெடி.

அரசுப் பள்ளியில வேலை பார்க்கறேன். ஆண்டு விழாவுக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைங்களை வச்சு இது மாதிரி பண்ணலாம்னு பார்க்கறேன். காசு கிடையாது. எப்படி ஆரம்பிக்கறது?
– ஆசிரியை, திண்டுக்கல்

இந்தக் கேள்விக்காகத்தான் டீச்சர் இத்தனை பதிலும் எழுதினேன். திருச்சி மாணவியும் இதைப் படிங்க.

சாமானைத் தேடறதுக்கு முன்னாடி ஒலியைத் தேடுங்க. அடியில 'தும்'னு ஒரு கனமான ஒலி வேணும், அதுக்குக் காலியான 20 லிட்டர் தண்ணி கேன் அருமையா இருக்கும், தலைகீழா கவுத்து உள்ளங்கையால அடிக்கலாம், நீல டிரம் கிடைச்சா இன்னும் நல்லது. நடுவுல 'டக்'னு தெளிவா ஒண்ணு, 15 கிலோ எண்ணெய் டின், மரப்பெட்டி, பெஞ்சு. மேல கூர்மையா ஒண்ணு, எவர்சில்வர் தட்டு, கரண்டி. அப்புறம் தொடர்ச்சியா 'சுக் சுக்'னு ஓடறதுக்கு, பாட்டில்ல அரிசியோ மணலோ, தீப்பெட்டி, ஈர்க்குமாறு. பூந்துடைப்பம் எடுக்காதீங்க, அதுல சத்தமே வராது. ஸ்டாம்ப் துடைப்பம் மாதிரி வேணும்னா நீளக் கட்டை, மரத்தலை, விறைப்பான நார் வச்சது, ரோடு கூட்டறவங்க கழிவறை கழுவறவங்க வச்சிருக்கற பிரஷ் மாதிரி, அதுலதான் உரசலும் இடியும் ரெண்டும் கிடைக்கும். எல்லாப் பிள்ளைங்களுக்கும் தட்டைக் கொடுத்துடாதீங்க, கூரை பறந்துடும், கேன் நாலு இருந்தா தட்டு ஒண்ணு போதும்.

தாளத்தை வாயில சொல்லிக்கொடுங்க, கையில சாமானையே கொடுக்காம. நம்ம கொன்னக்கோல் இதுக்குன்னே இருக்கு. பாதிப் பிள்ளைங்க 'தகதிமி' மூணு தடவை, மீதிப் பாதி 'தகிட' நாலு தடவை, ஒரே வேகத்துல. ரெண்டுமே பன்னெண்டு, சரியா பன்னெண்டு முடிஞ்சு ரெண்டு கூட்டமும் ஒண்ணா முதல் எழுத்துல வந்து நிக்கும், அந்த இடம் வர்றப்ப பிள்ளைங்க முகத்தைப் பாருங்க. வாய் பழகினதும் அதையே கைதட்டலா, அப்புறம் காலா, கடைசியில சாமானுக்கு. கொஞ்சம் தேறினதும் பதினாறை 'தகிட தகிட தகிட தகிட தகதிமி'ன்னு பிரிச்சு, முதல் எழுத்துல மட்டும் அடிக்கச் சொல்லுங்க, மத்த எழுத்தெல்லாம் மனசுல ஓடணும். முடிக்கறதுக்கு ஒரு வரியை மூணு தடவை, கச்சேரியில தாளத்தை முடிக்கற தீர்மானம் மாதிரி, மூணாவது முடியறப்ப எல்லாரும் சிலை. கைதட்டல் அந்த இடத்துல தானா வரும்.

எல்லாரும் எல்லாத்தையும் அடிக்கறதுதான் இந்த மாதிரி நிகழ்ச்சிங்களைக் கெடுக்குது. ஒருத்தர் விட்ட இடத்துல இன்னொருத்தர் அடிக்கணும். ஒரு பிள்ளைக்கு ஒண்ணாவது எழுத்தும் ஒன்பதாவது எழுத்தும் மட்டும்தான்னு இருக்கட்டும், பரவாயில்ல, அந்த ரெண்டு அடிக்காக அது எண்ணிக்கிட்டே இருக்கும் பாருங்க, அதுதான் பாடம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கவும் பழக்குங்க, எட்டு பேர் விரல் நுனியால கேனைத் தட்டினா மழை வர்ற மாதிரி இருக்கும், அங்க இருந்து மெல்ல மெல்ல ஏத்திட்டு வாங்க, அப்படி வந்தாத்தான் பெரிய அடிக்கு மதிப்பு.

ஆட்டத்தைத் தனியா யோசிக்காதீங்க. அந்தச் சாமானை வச்சு நிஜமா என்ன வேலை பண்ணுவோமோ அதுல இருந்தே எடுங்க, பெருக்கறது, தண்ணி பிடிக்கற க்யூ, குடத்தை இடுப்புக்கும் தலைக்கும் மாத்தறது, சத்துணவுக்குத் தட்டோட வரிசையா நிக்கறது. தட்டோட வரிசையா நிக்கற பிள்ளைங்களுக்குத் தெரியாத தாளமா! கடைசியா ரெண்டு விஷயம். தகர விளிம்புக்கெல்லாம் டேப் ஒட்டிடுங்க, கம்பு வச்சு ஆடறவங்களுக்கு நடுவுல ஒரு கை இடைவெளி கண்டிப்பா வேணும். மைக் ஸ்டாண்டைப் பிள்ளைங்க முன்னாடி நட்டுடாதீங்க, தரையில ஒரு மடிச்ச துணி போட்டு அது மேல மைக்கைப் படுக்க வச்சா காலடியும் கேக்கும், பார்க்கறதுக்கும் மறைக்காது.

என் பையன் நாள் முழுக்க வீட்டுல தட்டும் தாம்பாளமும் அடிக்கறான். திறமைன்னு விடறதா, காது போயிடும்னு நிறுத்தறதா?
– அம்மா, சென்னை

விடுங்க, ஆனா காதைப் பார்த்துக்கோங்க. 85 டெசிபல் சத்தம்னா எட்டு மணி நேரம் வரைக்கும் தாங்கலாம்னு கணக்கு, அதுக்கு மேல ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியா குறையும், 100 டெசிபல்னா கால் மணி நேரம்தான். மூடின ரூம்ல எவர்சில்வர் தாம்பாளத்தைக் கரண்டியால அடிச்சா அந்தப் பக்கம் சுலபமா போயிடும். கரண்டிக்கு பதிலா கட்டைக் கரண்டி, தாம்பாளத்துக்கு அடியில துண்டு, ரூமுக்கு பதிலா மொட்டை மாடி. காதுல இரைச்சல் மாதிரி இருக்குன்னு சொன்னா அன்னைக்கு நிறுத்திட்டு டாக்டரைப் பாருங்க. பக்கத்துல யாராவது மிருதங்கமோ தவிலோ சொல்லிக்கொடுக்கறாங்களான்னு விசாரிங்க, இப்படித் தட்டற பிள்ளைங்க கைக்குச் சரியான நேரத்துல ஒரு குரு கிடைக்கணும்.

நியூயார்க்ல ஸ்டாம்ப் மூடிட்டாங்கன்னு படிச்சேன். அப்போ இந்த மாதிரி ஷோவுக்கு மவுசு போச்சா?
– புதுச்சேரி வாசகர்

மூடினது உண்மை, 2023 ஜனவரி 8ஆம் தேதி கடைசி ஆட்டம். அதுக்குள்ள அந்த ஒரே தியேட்டர்ல 11,000க்கு மேல ஆட்டம் போட்டாச்சு. கொரோனாவுக்கு அப்புறம் டிக்கெட் விக்கறது குறைஞ்சுதான் மூடினாங்க. வெளியூர்ல இருந்து வந்து பார்க்கறவங்களை நம்பி இருந்த ஷோ அது, மொழி தெரியாதவங்களும் பார்க்கலாமே, அதனால ஊர் சுத்த வர்றவங்க குறைஞ்சா முதல் அடி அங்கதான் விழும். லண்டன்ல 2018லயே நிரந்தர ஆட்டத்தை முடிச்சுட்டாங்க. ஆனா ஊர் ஊரா போற குழுக்கள் இன்னும் ஓடிக்கிட்டிருக்கு. 2012 லண்டன் ஒலிம்பிக்ஸ் நிறைவு விழாவுலயும் அவங்க ஆடினாங்க. 29 வருஷம் ஓடின ஒண்ணு நின்னதைத் தோல்வின்னு என்னால சொல்ல முடியாது.

பாட்டில்ல தண்ணி ஊத்தி வாசிச்சா தண்ணி கூடக் கூட ஸ்ருதி ஏறுதா இறங்குதா? எனக்கும் என் தங்கைக்கும் பந்தயம்.
– ஒன்பதாம் வகுப்பு மாணவன், திருப்பூர்

ரெண்டு பேரும் ஜெயிச்சீங்க தம்பி, எப்படி வாசிச்சீங்கங்கறதைப் பொறுத்தது. வாயில வச்சு ஊதினா உள்ள இருக்கற காத்துதான் அதிரும், தண்ணி ஏற ஏற காத்துக்கு இடம் குறையும், ஸ்ருதி ஏறும். கரண்டியால தட்டினா கண்ணாடியும் தண்ணியும் சேர்ந்து அதிரும், தண்ணி ஏற ஏற கனம் கூடும், ஸ்ருதி இறங்கும். பிளாஸ்டிக் பாட்டில்ல தட்டிப் பார்த்து ஏமாறாதீங்க, கண்ணாடி வேணும். இதே மாதிரி பிளம்பர்கிட்ட மிச்சமான பிவிசி பைப்புத் துண்டுங்களை வாங்கி, வாயை ரப்பர் செருப்பால அறைஞ்சு பாருங்க, நீளமான பைப்பு கீழ்ஸ்தாயி, குட்டையானது மேல், ரெண்டு மடங்கு நீளம்னா ஏறக்குறைய ஒரு ஸ்தாயி கீழ போகும். ச, ரி, க வர்ற வரைக்கும் ஒவ்வொண்ணா நீளத்தைக் கொஞ்சம் கொஞ்சமா அறுத்துக்கிட்டே வாங்க, முதல்லயே நிறைய அறுத்துட்டா திரும்ப ஒட்ட முடியாது.